மூடிவிட்ட கடைக்கு ஒரு மதிப்புரை: ஒன்ராறியோவின் வேகக் கமரா

எங்கள் வீட்டிலிருந்து வேகக் கமராவுக்கு மூன்று தடவை காசு போயிருக்கிறது. மூன்றும் சேர்த்து 350 டொலருக்கு மேல். அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு போய் எங்கேயாவது சாப்பிட்டிருந்தால் அன்றிரவே கூகிளில் கருத்துப் போட்டிருப்பேன், குழம்பில் உப்புக் கூட என்றாவது எழுதியிருப்பேன். இதற்கு மட்டும் ஏன் விடுவான்? நானும் காசு கட்டின வாடிக்கையாளன்தானே. ஒரே பிரச்சினை, நான் எழுத உட்காருவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். 2025 நவம்பர் 14ஆம் திகதியிலிருந்து ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் வேகக் கமராவுக்குத் தடை.

எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ரொறன்ரோவை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். கொஞ்சம் அடையாளம் சொன்னாலும் எங்கட சனம் றோட்டைப் பிடித்து, றோட்டிலிருந்து வீட்டைப் பிடித்து, என் மகன் அபராத ரிக்கற் வாங்கின கதையைக் கோயில் அன்னதான வரிசை வரைக்கும் கொண்டுபோய்விடும்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவன். மஞ்சள் பஸ். பதினொரு வருடமாகிறது. அதற்கென்று பீ வகுப்பு லைசன்ஸ் எடுக்க வேண்டும். கம்பனி வருடா வருடம் என்னுடைய ஓட்டுநர் பதிவை வரவழைத்துப் பார்க்கும். அதில் கறை விழுந்தால் சோறு போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

இடம் இதுதான்: போக இரண்டு, வர இரண்டு என்று நாலு தடத்தில் ஓர் அகலமான றோட்டு. ஒரு பக்கம் ஆரம்பப் பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கம் பிளாசா, அதில் எங்கட பலசரக்குக் கடை ஒன்று, கொத்துரொட்டிக் கடை ஒன்று, பல் வைத்தியர் ஒருவர். பலகையில் வேக எல்லை மணிக்கு 40 கிலோமீற்றர். பக்கத்திலேயே ‘சமூகப் பாதுகாப்பு வலயம், அபராதம் அதிகம்’ என்ற பொருளில் வெள்ளைப் பலகை. இந்த வலயங்கள் 1998இலிருந்து சட்டத்தில் இருக்கின்றன. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பலகையை நாங்கள் எப்படி மதித்தோம் என்றால், குளிர்காலத்தில் அதில் பனி ஒட்டி எழுத்து மறைந்துபோனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. றோட்டின் அகலத்தைப் பார்த்தால் கால் தன்பாட்டில் 60க்குப் போகும். என்னுடைய காலும்தான்.

பிறகு கமரா வந்தது. திடீரென்று வரவில்லை. ‘வேகக் கமரா விரைவில்’ என்று ஒரு பலகையைக் குறைந்தது 90 நாளைக்கு முன்னமே நட வேண்டும் என்பது அப்போதைய விதி. நட்டார்கள். மூன்று மாதம் அந்தப் பலகைக்குக் கீழாலேயே எல்லோரும் 60இல் போனோம். கலியாணக் காட் கிடைத்தும் மண்டபத்துக்குக் கடைசி ஆளாகப் போகிற சனம்தானே.

சாதனத்தைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஆள் உயரத்தில் சாம்பல் நிறப் பெட்டி. யாரோ பழைய ஃபிரிட்ஜைக் குப்பைக்காரனுக்காகப் புல்லில் கொண்டுவந்து வைத்ததுபோல நிற்கும். மேல்பாதியில் கறுப்புக் கண்ணாடி. உள்ளே ராடார் வேகத்தை அளக்க, எல்லையைத் தாண்டுகிற வண்டியைக் கமரா படம் எடுக்கும். அந்தப் படத்தை ஓர் அதிகாரி கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் ரிக்கற் தபாலில் புறப்படும். வண்டியை யார் ஓடினார் என்பது அதற்குத் தேவையில்லை. நம்பர் பிளேற் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் கட்ட வேண்டியதுதான். 40 என்றால் 41க்கே அடிக்குமா, 45 வரை பொறுக்குமா என்று நகரசபை வெளியே சொன்னதேயில்லை. இதைப் பற்றி எங்கள் பஸ் யாட்டில் ஒவ்வொரு ட்ரைவரிடமும் ஒவ்வொரு சாஸ்திரம் இருந்தது. “பத்து வரைக்கும் விடுவாங்கள் அண்ணை” என்று ஒருவன் சொன்னான். அவனை நம்பினேன் என்று சொல்லவில்லை. நம்பாமலும் இருக்கவில்லை.

முதலாவது ரிக்கற் ஒரு பெப்ரவரியில் வந்தது. மனுசிதான் உறையை உடைத்தா. “உங்கட காரை ஆரோ படம் எடுத்து அனுப்பியிருக்கினம்” என்றா. கறுப்பு வெள்ளைபோல மங்கலான படம். எங்கள் கொரோலாவின் பின்பக்கம், பம்பரில் உப்புக் கறை, இரண்டு பின்விளக்கு. கீழே நம்பர் பிளேற்றைப் பெருப்பித்துத் தனியாக ஒரு படம். நேரம் பின்னேரம் 4.12. வேகம் 52, எல்லை 40. டிக்கிக்குள் இருந்த இருபது இறாத்தல் சிவப்புப் பச்சையரிசிப் பை மட்டும்தான் படத்தில் விழவில்லை. பிளாசாக் கடையில் அரிசி மலிவு என்று மனுசி சொல்லி, நாலு டொலர் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வழி அது.

அப்போதைய கணக்கு இப்படி: 19 கிலோமீற்றர் வரைக்கும் கூடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5 டொலர். பன்னிரண்டுக்கு 60. அதற்குமேல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதிக்கென்று ஒரு மேலதிகம், பிறகு கட்டணம். கூட்டினால் எண்பதுக்குக் கிட்ட வந்து நிற்கும். நாலு டொலர் மிச்சம் பிடித்த அரிசியை அந்த மாதம் முழுக்க மனுசி “எண்பது டொலர்ச் சோறு” என்று சொல்லித்தான் போட்டா.

ஆனால் ட்ரைவர் என்ற முறையில் நான் அந்தக் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது மூச்சு வந்தது. லைசன்ஸில் குற்றப் புள்ளி இல்லை. ஓட்டுநர் பதிவில் ஏறாது. இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியவும் வராது. இதே 52க்கு மரத்துக்குப் பின்னால் நின்ற பொலிஸ் என்னைப் பிடித்திருந்தால்? பன்னிரண்டுக்குப் புள்ளி விழாதுதான், ஆனால் குற்றம் பதிவில் ஏறும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம் அது தலையைக் காட்டும், கம்பனி மனேஜரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒன்ராறியோவில் கார் இன்சூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை. அந்த வகையில் கமரா கண்டிப்பான, ஆனால் கோள் மூட்டாத வாத்தியார். அடித்துவிட்டு அதோடு விட்டுவிடும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லாது.

இதே குணத்தை மறுபக்கம் திருப்பினால் குறையாகவும் தெரியும். காசு உள்ளவனுக்கு 80 டொலர் ஒரு வேளைச் சாப்பாடு. எங்கள் றோட்டில் காலை 8.40க்கு ஒரு வெள்ளை ஜீப் போகும், ஆள் யார் என்று தெரியாது, வண்டியை மட்டும் தெரியும். கமரா வந்த பிறகும் அதன் வேகம் குறையவில்லை. மாதச் சந்தாபோலக் கட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

பஸ் ட்ரைவரின் இருக்கை உயரத்தில் இருக்கிறது. காரில் போகிறவர்களுக்குத் தெரியாத நிறைய எனக்குத் தெரியும். மடியில் போனை வைத்துத் தட்டுகிற கை, கோப்பி, கண்ணாடியைப் பார்த்து மை பூசுகிறவர். 52இல் போகும் கார் ஒரு செக்கனில் 14 மீற்றருக்கு மேல் போகும். என் பஸ்ஸின் முழு நீளம் 12 மீற்றர். ஒரு செக்கன் போனைப் பார்த்தால் ஒரு பஸ் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகக் கணக்கு. 40இல் அதே செக்கனுக்கு 11 மீற்றர். வித்தியாசம் மூன்று மீற்றர்தானே என்பார்கள். நான் பஸ்ஸை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டதும் முன் பம்பரிலிருந்து ஒரு மஞ்சள் தடி விரியும். பிள்ளைகள் பஸ்ஸின் மூக்கோடு ஒட்டி நடக்காமல், என் கண்ணுக்குப் படுகிற தூரத்தில் சுற்றிப் போவதற்கு. அந்தத் தடியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கமரா வந்து முதல் மாதத்திலேயே அந்தத் துண்டு றோட்டு மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை வெளியே எடுக்கக் காத்திருக்கிறபோது, முன்னெல்லாம் இடைவெளி கிடைக்காது. ஒவ்வொன்றும் அம்புபோல வரும். பிறகு எல்லாம் ஒரே சீராக, சவ ஊர்வலம்போல வரத் தொடங்கியது. (மகன் சொன்ன உவமை. நான் தேர் என்று சொல்லியிருப்பேன்.) நான் பார்த்தது ஒரு றோட்டைத்தான். ரொறன்ரோவில் சிக்கிட்ஸ் என்ற சிறுவர் மருத்துவமனையும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 250 பள்ளிக்கூடச் சுற்றுப்புறங்களில் செய்த ஆய்வு 2025 யூலையில் வெளிவந்தது. 2020 யூலையிலிருந்து 2022 டிசம்பர் வரையான காலத்தைப் பார்த்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டி ஓடும் வண்டிகளின் பங்கு 45 சதவீதம் விழுந்திருந்தது. ஒரு சாம்பல் பெட்டிக்கு இது சும்மா வேலை இல்லை.

குறை எங்கே என்றால், பெட்டியைத் தாண்டி நூறு மீற்றரில். அதுவரை பூனைபோல வந்தவன் கமராவுக்கு முதுகைக் காட்டியதும் வேகத்தை அமத்திக் கூட்டுவான். பெட்டி வாசலுக்கு முன்னால் நின்றது. பிளாசாவுக்குப் போகிற பெடியள் குறுக்கே ஓடுவது அந்த நூறு மீற்றர் தள்ளி, பஸ் நிறுத்தத்தடியில். ஆக, கமரா பாதுகாத்த இடமும் பிள்ளைகள் ஓடிய இடமும் ஒன்றல்ல. பெட்டியை அங்கே நகர்த்தியிருக்கலாம். அதை யாரிடம் சொல்வது? பஸ்காரன் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

இரண்டாவது ரிக்கற்றுக்கு வருகிறேன். அதே கொரோலா, அதே கோணம், ஆனால் இரவு 9.50. வேகம் 63. அந்த நேரம் நான் போர்வைக்குள். காலை 5.30க்கு பஸ் யாட்டில் நிற்கிறவன் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவான். கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மகன் வந்தான், பார்த்தான், தண்ணீர் குடித்தான்.

“அது... கொத்து எடுக்கப் போனனான் அப்பா. பத்து மணிக்குப் பூட்டிடுவாங்கள்.”

“பூட்டினா?”

“அம்மாதான் கேட்டவா.”

மனுசி அடுப்படியிலிருந்து, “நான் கொத்துத்தான் கேட்டனான், அறுபத்து மூண்டு கேக்கேல்லை” என்றா.

20இலிருந்து 29 வரை கூடினால் கிலோமீற்றருக்கு ஏழரை டொலர். இருபத்து மூன்றுக்கு 172.50, மேலதிகங்களோடு 200ஐத் தாண்டியது. இதே வேகத்தில் பொலிஸ் பிடித்திருந்தால் மூன்று புள்ளி, இருபத்திரண்டு வயதுப் பெடியனின் இன்சூரன்ஸ் எங்கேயோ போயிருக்கும். கமராவுக்கு முகம் தெரியாததால் தப்பினான். ஆனால் ரிக்கற் வந்தது என் பெயருக்கு. தகப்பன் பெயருக்கு வருகிற கடிதத்துக்கு வேறு ஒரு வலு உண்டு என்பதை அன்றைக்கு மேசையில் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காசை வங்கிக்கு அனுப்பியிருந்தான். குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒரே சொல்: கொத்து.

மூன்றாவது ரிக்கற்றுக்கு நான் இன்னும் சமாதானமாகவில்லை. யூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடிய 5.05. மச்சாளைப் பியர்சன் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். பள்ளிக்கூடம் விடுமுறை. பிளாசா பூட்டு. றோட்டில் நானும் ஒரு ரக்கூனும் மட்டும். 51. கமரா 24 மணி நேரமும், 365 நாளும் விழித்திருக்கும்; வலயம் என்றால் எப்போதும் வலயம். சட்டப்படி சரி. பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் விளக்கு மின்னி 40 ஆகிற இடங்களும் இந்த மாகாணத்தில் இருக்கின்றன. அப்படியான ஓர் இடத்தில் நான் மனம் ஒப்பிக் காசு கட்டியிருப்பேன். இங்கே கேட்டுப் பார்க்கலாமென்று மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். போனில் நாற்பது நிமிடம் பியானோ. அதே ஐந்து சுரம் திரும்பத் திரும்ப. முடிவில் மரியாதையான ஒரு பிள்ளை வந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டு, “நீங்கள் 51இல் போனது உண்மையா” என்று கேட்டா. உண்மை என்றேன். “அப்ப கட்ட எவ்வளவு நாள் தவணை வேணும்?” ஒரு டொலர் குறையவில்லை. ரக்கூனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். அந்தப் பிள்ளையில் பிழையில்லை.

இனி கடை ஏன் மூடப்பட்டது என்ற கதை. எனக்கு இது இரண்டாவது தடவை. 1994 ஓகஸ்டில் இந்த மாகாணத்தில் முதல்முதல் ராடார்ப் படம் வந்தபோது நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். 400 வரிசை நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வான்களை நிறுத்தி அதற்குள்ளிருந்து படம் எடுத்தார்கள். ஓரத்தில் எந்த வான் நின்றாலும் எல்லோரும் பிறேக்கை மிதிப்பார்கள். ஒரு தடவை ரயர் போன ஒரு தச்சு வேலைக்காரருடைய வானுக்கு மூன்று தடமும் மரியாதை செய்ததை நான் பார்த்தேன். அப்போதைய மாகாண முதல்வர் பொப் ரேயின் அரசு கொண்டுவந்தது. 1995 தேர்தலில் மைக் ஹாரிஸ் வென்று முதல்வரானார், யூலை தொடக்கத்தில் தூக்கிவிட்டார். பதினொரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

பிறகு 2017இல் பள்ளிக்கூட வலயங்களுக்கென்று சட்டம் வந்தது, கத்லீன் வின் முதல்வராக இருந்த காலத்தில். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி 2019 டிசம்பர் 1இலிருந்து. அப்போது முதல்வர் யார்? டக் ஃபோர்ட். ரொறன்ரோ 2020 யூலையில் 50 கமராவோடு ரிக்கற் அனுப்பத் தொடங்கி, பிறகு 150 வரைக்கும் போனது. மற்ற ஊர்களும் பின்னால் வந்தன. 2025இல் அதே டக் ஃபோர்ட்தான் இது வெறும் காசு பறிப்பு என்று சொல்லி, ஒக்ரோபர் கடைசியில் சட்டம் போட்டு மூடினார். கடை திறக்க ரிபன் வெட்டியவரே பூட்டையும் போட்டார் என்று வையுங்கள்.

காசு பறிப்பு என்ற கதைக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லமுடியாது. வோன் நகரத்தில் 2025 வசந்த காலத்தில் பத்துக் கமரா மூன்று வாரத்தில் 32,000க்கு மேல் ரிக்கற் எழுதியது. நகரசபைக்கே தலை சுற்றி, முதலில் நிறுத்திவைத்து, செப்ரெம்பரில் முழுதாகக் கைவிட்டது. மூன்று வாரத்தில் இத்தனை பேர் பிடிபட்டால் அத்தனை பேரும் காடையர்கள் என்று சொல்வதா, றோட்டு 60க்குக் கட்டப்பட்டு 40க்குப் பலகை நடப்பட்டிருக்கிறது என்று சொல்வதா? நான் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் அதற்கு மருந்து றோட்டை ஒடுக்குவது. கமராவை ஒழிப்பதால் றோட்டு ஒடுங்காது.

சனத்தின் கோபம் வேறு மாதிரியும் வந்தது. ரொறன்ரோவில் ஹைபார்க் பக்கத்தில் பார்க்சைட் டிரைவ் என்று ஒரு றோட்டு. அங்கே நின்ற கமராவைத் திரும்பத் திரும்ப அறுத்து விழுத்தினார்கள். 2024 டிசம்பரில் அறுத்ததோடு நிற்காமல் இழுத்துக்கொண்டு போய்ப் பூங்காவின் வாத்துக் குளத்தில் போட்டுவிட்டார்கள். 2025 செப்ரெம்பரில் ஒரே இரவில் பதினாறு கமரா. எங்கள் ஊரில் அவ்வளவு வீரம் இல்லை. கண்ணாடியில் பச்சை பெயின்ற் அடித்ததோடு சரி. காலையில் பஸ்ஸுக்குள் இருந்த ஏழு வயதுக்காரி ஒருத்தி, “அங்கிள், கமராவுக்குக் கண் நோவா?” என்று கேட்டாள்.

மதிப்பெண் போட வேண்டுமே. ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரையில் அரை அந்த யூலை ஞாயிறுக்கு, அரை பெட்டி நின்ற இடத்துக்கு, அரை அந்த வெள்ளை ஜீப்புக்கு. விலை கூட என்று குறைக்கவில்லை. விலையைப் பற்றி யாராவது அழுதால் நான் ஒன்றுதான் சொல்வேன்: இந்தக் கடையில் வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள், உள்ளே போகாமல் விடுகிற உரிமை உங்களுக்கு இருந்தது. 40இல் போனவனிடம் ஒரு சதம் வாங்கவில்லை.

கமராவுக்குப் பதிலாக என்ன வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். 21 கோடி டொலர் நிதி. பெரிய பலகை, மின்னும் விளக்கு, வேகத்தடை, மேடாக்கிய கடவை, சுற்றுவட்டம். மேடாக்கிய கடவை நல்ல சாமான், அதற்கு நான் இரண்டு கையும் தூக்குவேன். வேகத்தடையைப் பற்றி மட்டும் பஸ் ட்ரைவரிடம் கேட்டிருக்க வேண்டும். காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். என் பஸ்ஸில் பின் சக்கரத்துக்குப் பின்னாலும் சில வரிசை இருக்கைகள் இருக்கின்றன. நான் 20இல் ஏறினாலும் முன்னால் இருக்கிற எனக்கு ஒரு அசைவு, பின்னால் இருக்கிற பெடியனுக்கு ஆகாயம். கடைசி வரிசைக்குத்தான் எப்போதும் அடிபாடு. ஏன் என்று இப்போது விளங்கும். தடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரே குரலில் “வன்ஸ் மோர் அங்கிள்!” பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 40 போகச் சொல்லி ஒரு கூட்டத்தைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, என் பஸ்ஸில் இருப்பவர்கள் 40இல் ஏறச் சொல்லி என்னைக் கெஞ்சுகிறார்கள். அம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இதே தடைதான், அவர்களை யாரும் கெஞ்சமாட்டார்கள்.

பெட்டியை நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெளியே எடுக்கக் காத்திருந்த நேரம். இரண்டு பேர், ஒரு சின்னக் கிரேன், இருபது நிமிட வேலை. சீமெந்துத் தளம் அப்படியே இருக்கிறது. நாலு மூலையிலும் நாலு போல்ற், மேலே ஒரு ஒரேஞ்ச் கூம்பு. இப்போது பனி மூடி, கூம்பின் தலை மட்டும் தெரிகிறது.

எனக்குப் பழக்கம் விடவில்லை. கொரோலாவில் போனாலும் அந்தக் கூம்புக்கு நேரே கால் தானாக எழும்பும். போன கிழமை பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்து, வலப்பக்கத் தடத்தால் வெட்டி எடுத்து, போகிற போக்கில் கையையும் காட்டிவிட்டுப் போனான். மகன் பக்கத்தில் இருந்தான். “கமராதான் இல்லையே அப்பா, ஏன் ஸ்லோ பண்ணுறீங்கள்?” என்றான். கொத்துக்குப் போகிறபோது அவன் என்ன வேகத்தில் போகிறான் என்று இப்போது எனக்குக் கடிதம் வருவதில்லை.

பள்ளிக்கூடக் கடவையில் ஒரு ஜமேக்கா அம்மா கையில் வட்டப் பலகையோடு நிற்பா, எனக்கு முன்னமே அந்த வேலைக்கு வந்தவ. கமரா நின்ற காலத்தில் பலகையைத் தூக்குவதும் றோட்டில் இறங்குவதும் அவவுக்கு ஒரே அசைவு. இப்போது பலகையைத் தூக்கியபடி ஓரத்திலேயே நிற்கிறா. நாலு தடத்திலும் சக்கரம் நின்றதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஒரு காலைக் கீழே வைக்கிறா. அதற்குள் எனக்கு முன்னால் இருக்கிற சிக்னல் சிவப்பாகிவிடுகிறது, தினமும் இரண்டு நிமிடம் பிந்தித்தான் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். கம்பனியிலிருந்து போன் வந்தது. கடவை அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை, பனி என்று சொல்லிவிட்டேன்.